கலப்பினச் சோளமும் புகையில் தொங்கிய விதைப்பொத்தியும்

அண்மையில் என் பெறாமகள் ஒருத்தி சில தாள்களைக் கொண்டுவந்து எனது மேசையில் வைத்தாள். விவசாயம் கற்கும் மாணவி அவள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் சில கலப்பினச் சோள வகைகளை அருகருகே பயிரிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் தானிய விளைச்சலையும் ஒப்பிட்டு அவள் செய்த ஆய்வின் தமிழ்ச் சுருக்கம் அது. "பெரியப்பா, பிழை திருத்தித் தாருங்கோ" என்றாள். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறருடைய எழுத்தில் பிழை திருத்தியே பிழைத்தவன் நான். மறுக்க முடியுமா?

எழுத்துப் பிழைகள் அதிகம் இருக்கவில்லை. செடியின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, பூக்க எடுத்த நாள்கள், பொத்தியின் நீளம், மணிகளின் நிறை என்று எல்லாம் அட்டவணையாக ஒழுங்காக இருந்தன. ஒப்பிடப்பட்ட இனங்கள் அனைத்தும் பொதியில் வாங்கிய கலப்பின விதைகள். கலைப்பீடத்தில் படித்த எனக்கு அந்த எண்களைப் பற்றிக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் வாய்க்கு வந்துவிட்டது. "இதிலை வீட்டு விதை எங்கை பிள்ளை?"

"அதை எங்கை பெரியப்பா எடுக்கிறது? ஒருத்தரிட்டையும் இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஒருவரிடமும் இல்லாமற் போனது எப்போது, எப்படி என்று எண்ணிப் பார்த்தபோது எழுந்ததே இக்கட்டுரை.

இறுங்கும் சோளமும்

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழகத்து வாசகர்கள் சோளம் என்று சொல்வதை யாழ்ப்பாணத்தில் நாம் இறுங்கு என்போம். நாம் சோளம் என்பதை அவர்கள் மக்காச்சோளம் என்பர். சிங்கள மக்கள் இதனைப் 'பட இரிங்கு' என அழைக்கின்றனர். நமது இறுங்கு அங்கும் ஒலிப்பதைக் கவனிக்கலாம். இறுங்கும் குரக்கனும் சாமையும் இங்கு பழந்தானியங்கள். சோளம் பின்னர் வந்த விருந்தாளி. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் மெக்சிக்கோவில் பயிராக்கப்பட்ட இத்தானியம், போர்த்துக்கீசரின் கப்பல்களோடு ஆசியாவுக்கு வந்ததெனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

குடாநாட்டில் அது ஒருபோதும் தலைமைப் பயிராக இருந்ததில்லை. புகையிலை, வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு என்பனவே கமக்காரனுக்குக் காசு தந்தவை. சோளம் மிளகாய்த் தோட்டத்தின் வரம்போரத்திலும் வீட்டுக் கோடியிலும் நின்றது. பொத்தியை அவித்தோ தணலில் வாட்டியோ பிள்ளைகள் தின்றார்கள். தட்டை மாட்டுக்குப் போயிற்று. எங்கள் வீட்டில், மாரிக்குப் போட்ட சோளத்தில் நன்றாக முற்றிய பத்துப் பதினைந்து பொத்திகளை அம்மா மடலோடு முறித்து, மடல்களைப் பின்னிச் சோடி சோடியாகக் கட்டி, குசினியில் அடுப்புக்கு மேலே பறணில் தொங்கவிடுவார். அடுப்புப் புகை ஏறிக் கறுத்த அந்தப் பொத்திகளை வண்டு அண்டாது. அடுத்த மழைக்கு அவைதாம் விதை. ஒரே செடியிலிருந்து அவர் விதை எடுக்க மாட்டார். தோட்டத்தின் நடுப்பகுதியில் நிற்கும் பல செடிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். ஏன் என்று கேட்டால், "ஆச்சி அப்பிடித்தான் எடுப்பா" என்பதுதான் பதில். அந்தப் பதிலுக்குள் எவ்வளவு விஞ்ஞானம் இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

கலப்பினம் பிறந்த கதை

சோளச் செடியின் உச்சியில் இருப்பது ஆண் பூ. இடையில் பொத்தியின் நுனியில் பட்டுப்போலத் தொங்கும் நார்கள் பெண் பூவுக்கு உரியவை. ஒவ்வொரு நாரும் ஒரு மணிக்கு உரியது. காற்றில் வரும் மகரந்தத் தூள் அந்த நாரில் விழுந்தால் மணி பிடிக்கும். விழாவிட்டால் அந்த இடம் பொக்கை. நெல்லைப்போலத் தன்னுள் தானே கருக்கொள்ளும் பயிரல்ல சோளம். அயற்செடியின் தூளையே பெரிதும் நம்பியிருப்பது.

அமெரிக்க விஞ்ஞானி ஜோர்ஜ் ஷல் 1908 ஆம் ஆண்டளவில் இதனை ஆராய்ந்தார். ஒரு செடியின் தூளை அதே செடியின் நாரிலேயே விழச் செய்து, தலைமுறை தலைமுறையாகத் தனிமைப்படுத்தினால் செடி மெலிந்து குறுகிவிடுகிறது. ஆனால் அப்படி மெலிந்த இரு வேறு வழிகளை ஒன்றோடொன்று கலந்தால் அடுத்த தலைமுறை பெற்றோர் இரண்டையும் விஞ்சி ஓங்கி வளர்கிறது. இதுவே கலப்பின வீரியம். மெலிந்த தாய்ச்செடிகள் தந்த விதை மிகக் குறைவாக இருந்ததால் முதலில் இது வணிகத்துக்கு உதவவில்லை. 1917-18 இல் டொனால்ட் ஜோன்ஸ் நான்கு வழிகளை இரு படிகளில் கலக்கும் இரட்டைக் கலப்பு முறையைக் காட்டிய பின்னரே விதை மலிவாயிற்று. 1926 இல் ஹென்றி வொலஸ் ஐயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதைக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் பயனியர் என்று உலகறிந்த நிறுவனம் அது. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்தவரும் இதே வொலஸ்தான்.

கலப்பினங்கள் வருவதற்கு முன் அமெரிக்காவில் சோள விளைச்சல் பல பத்தாண்டுகளாக ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 1.6 மெற்றிக் தொன் என்ற அளவிலேயே நின்றது. இன்று அது 10 தொன்னைத் தாண்டிவிட்டது. பசளைக்கும் இயந்திரத்துக்கும் இதில் பங்குண்டு என்றாலும் விதையின் பங்கு பெரிது.

ஆனால் இந்த வீரியம் ஒரு தலைமுறைக்கே உரியது. கலப்பினச் செடியின் மணியை எடுத்து விதைத்தால் பிள்ளைகள் தாயைப்போல இரா. சில நெடிதாய், சில குட்டையாய், சில பொக்கைப் பொத்தியாய்ப் போகும். ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் விதை புதிதாக வாங்கியாக வேண்டும். அம்மா பல செடிகளிலிருந்து விதை எடுத்ததன் பொருளும் இங்கே விளங்குகிறது. ஒரே செடியின் வழியை நம்பினால் பயிர் மெலியும் என்பதை ஆச்சிமார் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

சாதி பற்றி எழுதியவரும் சோளம் பற்றி எழுதியவரும்

பல்கலைக்கழகத்தில் நான் படித்த நாள்களில் பிறைஸ் றயன் என்ற பெயர் எமக்குப் பழக்கமானது. 1940களின் இறுதியில் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குச் சமூகவியல் பேராசிரியராக வந்து, சிங்களச் சமூகத்தின் சாதியமைப்பைப் பற்றி 1953 இல் நூல் வெளியிட்டவர். அதே றயன் இலங்கைக்கு வருமுன் சோளத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர் என்பதை நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகளின் பின்னரே அறிந்து வியந்தேன்.

றயனும் நீல் குரொஸ் என்பவரும் 1943 இல் வெளியிட்ட ஆய்வு அது. ஐயோவாவின் இரு ஊர்களில் 259 கமக்காரரை விசாரித்தார்கள். 1928 க்கும் 1941 க்கும் இடையில் இருவரைத் தவிர மற்ற அனைவரும் கலப்பின விதைக்கு மாறிவிட்டிருந்தனர். ஆனால் எவரும் ஒரே நாளில் மாறவில்லை. புதிய விதையைப் பற்றிக் கேள்விப்பட்டதற்கும் அதனை முழுமையாக ஏற்றதற்கும் இடையில் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. செய்தியைக் கொண்டுவந்தவன் விதை வியாபாரி. நம்பிக்கையைத் தந்தது அயலவனின் வயல். ஒவ்வொருவரும் முதலில் ஒரு சிறு துண்டில் போட்டுப் பார்த்து, தமது பழைய விதையோடு ஒப்பிட்ட பிறகே பரப்பைக் கூட்டினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐயோவாக் கமக்காரர் செய்த ஒப்பீட்டில் அவர்களுடைய வீட்டு விதை ஒரு பக்கத்தில் நின்றது. அவர்கள் அதைக் கைவிட்டது கண்ணால் கண்டு, கணக்குப் பார்த்து. என் பெறாமகளின் அட்டவணையில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

எச்-4 நெல்லும் சோள விதையும்

நமது நாட்டில் கலப்பினம் என்ற சொல் ஒரு மயக்கத்தையும் ஏற்படுத்தியது. 1950களின் இறுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எச்-4 நெல்லைக் கேள்விப்படாத கமக்காரன் இலங்கையில் இருந்திருக்க மாட்டான். அதன் பெற்றோரில் ஒன்று, தமிழ்க் காதுக்கு இனிக்கும் 'முருங்கைக்காயன்' வழியில் வந்த நெல். மற்றது இந்தோனேசியாவின் மாஸ். கலப்பால் பிறந்தாலும் தெரிவு செய்து நிலைப்படுத்தப்பட்ட இனம் அது. கமக்காரன் அறுத்த நெல்லிலேயே அடுத்த போகத்துக்கு விதை வைத்தான். மகா இலுப்பள்ளமையிலிருந்து வந்த எம்.ஐ. மிளகாய் இனங்களும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தார் பழத்தை உலர்த்தி விதை எடுத்தனர். புதிய இனம் என்றால் ஒருமுறை வாங்கினால் போதும் என்ற எண்ணம் எமக்குள் ஊறியது இப்படித்தான்.

சோளத்திலும் முதலில் அந்த வழியே பின்பற்றப்பட்டது. பத்ரா, ருவான் போன்ற திணைக்கள இனங்கள் திறந்த மகரந்தச் சேர்க்கைக்குரியவை, விதை வைத்துக்கொள்ளலாம். உள்நாட்டில் உருவான கலப்பினமான சம்பத் 2004 இல் வந்தது. அதற்கிடையில் கோழித் தீவனத் தேவை பெருக, பசிபிக் முதலான இறக்குமதிக் கலப்பினங்கள் அனுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை மாவட்டங்களை நிரப்பிவிட்டன. பலன் கண்கூடானது. 2000 ஆம் ஆண்டளவில் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ ஒரு தொன்னாக இருந்த தேசிய சராசரி, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மூன்று தொன்னைத் தாண்டியது. நாம் உண்ணும் முட்டைக்கும், கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷாவுக்கும் பின்னால் சோளம் இருக்கிறது. ஆகவே கலப்பினத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. பழையதெல்லாம் பொன் என்று பாடுவோர் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

பாதை மூடியதும் திறந்ததும்

இனி எங்கள் வீட்டுப் பறணுக்கு வருகிறேன்.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சி மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தனர். நீர் இறைக்கும் இயந்திரமும் யூரியாவும் தோட்டத்தின் இரு கால்களாயின. 1977 க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அவர்கள் தளர்ந்தனர். 1990 இல் மீண்டும் போர் மூண்டதும் அந்த இரு கால்களும் முறிந்தன. குடாநாட்டுக்குப் பசளை, எரிபொருள், சீமெந்து, மின்கலம் எதுவும் வரக்கூடாது என்ற தடை. வலிகாமம் வடக்கின் அருமையான செம்மண் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. எங்கள் அயலில் கைவிடப்பட்டிருந்த துலாக்களைச் சிலர் மீண்டும் நிமிர்த்தினர். பூவரசங் குழையும் மாட்டெருவும் யூரியாவின் இடத்துக்குத் திரும்பின.

அந்த ஐந்து ஆண்டுகளில் புகையில் தொங்கிய பொத்தியின் அருமை எமக்குப் புரிந்தது. யூரியா இல்லாமலும் அது காய்த்தது. அதிகம் காய்த்ததென்று சொல்ல மாட்டேன். ஒரு செடிக்கு ஒரு நடுத்தரப் பொத்தி. ஆனால் காய்த்தது. சோளமாவில் பிட்டு அவித்தோம். கொழும்பிலிருந்து எந்தப் பொதியும் வரத் தேவையிருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. கடும் மழை. எதை எடுப்பது, எதை விடுவது என்று எவருக்கும் புரியவில்லை. அம்மா உரப்பை ஒன்றில் அரிசி, உறுதிகள், இரண்டு சேலைகளோடு நான்கு சோளப் பொத்திகளையும் வைத்தார். "இதென்னத்துக்கு அம்மா?" என்று நான் சினந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு வீடு திரும்பியபோது கூரையில் பாதி இல்லை. அந்த நான்கு பொத்திகளில் எலி தின்றது போக எஞ்சியதை அம்மா கோடியில் விதைத்தார். முளைத்தது.

2002 ஏப்பிரலில் ஏ-9 பாதை திறந்தது. லொறிகள் வந்தன, சந்தை நிரம்பியது, கடைகளில் நிறம் பூசிய சோள விதைப் பொதிகளும் வந்தன. அயலவர் ஒருவர் போட்டார். ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, முழங்கை நீளப் பொத்தி காய்த்தது. றயன் எழுதியது சரிதான். அயலவனின் வயலைப் பார்த்துத்தான் நாங்களும் வாங்கினோம். எவரும் எம்மை வற்புறுத்தவில்லை. இரண்டு மாரிகள் பொதி விதையே போட்டோம். பறணில் கிடந்த பழைய பொத்திகள் உளுத்துப்போயின. அம்மா வழக்கம்போல அந்தப் பெரிய பொத்திகளில் சிலவற்றைக் கட்டித் தொங்கவிட்டார். மூன்றாம் ஆண்டு அவற்றை விதைத்தபோது ஒன்று ஓங்கி நின்றது, ஒன்று முழங்காலளவில் நின்றது, பொத்திகள் பாதி பொக்கை. "மண்ணிலை ஏதோ பிழை" என்றார் அம்மா. பிழை மண்ணில் இல்லை.

2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. குடாநாடு கப்பலை எதிர்பார்த்து நின்ற காலம். அந்த மாரி தொடங்கியபோது அம்மா குசினிப் பறணை ஒருமுறை அண்ணாந்து பார்த்ததை நான் கண்டேன். அங்கே ஒன்றும் இல்லை. ஊரில் நாலைந்து வீடுகளில் கேட்டோம். அங்கேயும் இல்லை. ஐந்தாண்டுத் தடையையும் ஓர் இடப்பெயர்வையும் தாண்டிய விதை, நான்கு ஆண்டு சமாதானத்தில் தொலைந்துவிட்டது.

எதை எடை போடுகிறோம்?

வயலாய்வு என்பது நேர்மையான கலை. ஒரே தோட்டத்தின் ஒரு மூலை வளமாகவும் மறு மூலை வறிதாகவும் இருக்கும். ஆகவே ஒவ்வோர் இனத்தையும் பல துண்டுகளில், குலுக்கல் முறையில் இடம் மாற்றி நட வேண்டும். இல்லாவிட்டால் புகழ் மண்ணுக்கா விதைக்கா என்று தெரியாது. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் நிலையத்தில் 1919 இல் சேர்ந்த றொனால்ட் ஃபிஷர் வகுத்த முறை இது. என் பெறாமகள் அதனை அப்படியே கடைப்பிடித்திருந்தாள். 60 சென்ரிமீற்றர் வரிசை, 30 சென்ரிமீற்றர் இடைவெளி. எங்கள் தோட்டக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால், ஒரு பரப்பில் ஏறத்தாழ 1,400 செடிகள் நிற்கும். செடிக்கு 100 கிராம் மணி கிடைத்தால் 140 கிலோ. உயரமாக வளர்ந்த இனமே அதிக மணி தரும் என்பதில்லை என்பதையும் அவள்தான் எனக்கு விளக்கினாள். தட்டைக்குப் போகும் சத்து மணிக்குப் போகாது.

ஆனால் தராசு தன்மேல் வைத்ததை மட்டுமே நிறுக்கும். எல்லாத் துண்டுகளுக்கும் நிறைவாகப் பசளை இட்டு ஒப்பிட்டால், பசளை கிடைக்கும் ஆண்டுக்குரிய விடையே கிடைக்கும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டபோது நாடெங்கும் கலப்பினச் சோளம் போட்டவர்கள் தவித்ததைக் கண்டோம். அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்ந்தபோது காலபோக விதைப்பு தொடங்கிவிட்டிருந்தது. தெற்கு அன்று முதன்முறையாகப் பட்டதை யாழ்ப்பாணம் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே பட்டிருந்தது.

பசளை தாராளமாகக் கிடைத்தாலும் எமக்கு வேறொரு கணக்கு உண்டு. குடாநாட்டில் ஆறில்லை; சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்றுநீர். தோட்டத்தில் நாம் இடும் நைதரசனில் பயிர் எடுக்காதது கீழே இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு என்பதை 1980கள் முதல் ஆய்வுகள் சொல்லி வருகின்றன. அதற்குச் சோளம் காரணமன்று; வெங்காயமும் உருளைக்கிழங்கும் மலக்குழியும் முன்னரே செய்துவிட்ட வேலை அது. ஆயினும் நைதரசனுக்குப் பெரும்பசி கொண்ட பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது, விளைந்த மணியை மட்டுமன்றிக் கிணற்றையும் எண்ண வேண்டும்.

பெரும்பரப்பில் ஒரே வழியை நம்புவதன் ஆபத்தை அமெரிக்கா 1970 இல் கண்டது. அங்கு பெரும்பாலான சோள விதைகள் ஒரே தாய்வழிக் கூறைக் கொண்டிருந்தமையால் ஓர் இலைக்கருகல் நோய் நாட்டின் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் கொண்டுபோயிற்று.

இவற்றையெல்லாம் சொல்லி என் பெறாமகளின் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தேன். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று வரிகள் எழுதினேன். அடுத்த ஆய்வில் விதை வைத்துக்கொள்ளக்கூடிய பத்ராவையோ ருவானையோ ஒரு வரிசையாகச் சேர்த்துக்கொள். பாதிப் பசளை இட்ட துண்டுகளும் இருக்கட்டும். அடுத்த போகத்து விதைக்கு எவ்வளவு செலவு என்பதற்கும் அட்டவணையில் ஒரு நிரல் போடு. இதையெல்லாம் செய்த பிறகும் கலப்பினமே வென்றால் நல்லது, அதையே போடுவோம். ஐயோவாக்காரன் செய்ததைப்போலக் கண்ணால் கண்டு போடுவோம்.

அவள் படித்துவிட்டுச் சற்று யோசித்தாள். 1988 முதல் கன்னொறுவையில் இயங்கும் தாவர மரபணு வள நிலையத்தில் பழைய விதைகளைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள், எங்கள் பக்கத்துச் சோளம் ஏதும் அங்கே இருக்கிறதா என்று எழுதிக் கேட்கலாம் என்றாள். எனக்கு அது தோன்றவில்லை. கடிதத்தை எழுதித் தா, பிழை திருத்தித் தருகிறேன் என்றேன்.